பாரமானி ஏறினால் வயல் காயுமா?

2024 ஜனவரி 2-ஆம் தேதி ‘ஹெங்க்’ புயல் இங்கிலாந்தைக் கடந்து போனது. அதற்கு முந்தைய அக்டோபரிலிருந்தே புயல்கள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. மண் நீரைக் குடித்துக் குடித்து, இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லை என்ற நிலைக்கு வந்திருந்தது. டிரெண்ட் ஆறும் செவர்ன் ஆறும் கரை தாண்டின. ஆற்றோர வயல்கள் ஏரிகளாயின. அந்த வாரக் கடைசியில் பாரமானி ஏறத் தொடங்கியது. பிரிட்டன் மேல் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்தது, மழை விட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் பெரும்பாலும் வறண்ட, குளிர்ந்த, அசைவில்லாத வானிலை. ஜனவரி 21-இல் ‘இஷா’ புயலும் அதன் காலடியிலேயே ‘ஜோஸ்லின்’ புயலும் வந்தன. பிப்ரவரியில் இங்கிலாந்தில் வழக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு மழை. அந்த ஆண்டு பிரிட்டனின் கோதுமை விளைச்சல், முந்தைய ஆண்டின் 1.4 கோடி டன்னிலிருந்து 1.11 கோடி டன்னாகச் சரிந்தது.

நடுவில் கிடைத்த அந்த இரண்டு வாரம் நிலத்துக்கு என்ன செய்தது? குளிர்காலத்தில் உயர் அழுத்தம் நிலைகொண்டால் ஈர வயல் காய்ந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே ஆழமானது. ‘இந்த வாரம் மழை இல்லை’ என்ற அறிவிப்பைக் கேட்டதும் டிராக்டருக்கு டீசல் நிரப்புகிறவர்கள் உண்டு. ஜனவரியில் எதுவுமே காயாது, மார்ச் கடைசி வரை வயல் பக்கம் போகவே வேண்டாம் என்று கையை விரிக்கிறவர்களும் உண்டு. இரு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்கால உயர் அழுத்தம் வயலைக் காயவைப்பது மிகக் கொஞ்சம். வயல் வடிவதற்கு அவகாசம் தருவதுதான் அதன் பெரிய உதவி. அந்த அவகாசம் பலிப்பதும் வீணாவதும் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்றும் மாதமும் கைகொடுத்தால் கணக்கு மாறும். அதையும் பார்க்க வேண்டும்.

உயர் அழுத்தப் பகுதியில் காற்று மேலிருந்து மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கி, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் சூடாகிறது, மேகம் கரைகிறது. கோடையில் இதுவே கொளுத்தும் வெயிலாகிறது. குளிர்காலத்தில் கதை வேறு. நீண்ட இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இறங்கிவந்த சூடான காற்று, கீழே கனத்துக் கிடக்கும் குளிர்காற்று. சூடான காற்று மூடிபோல் மேலே நின்றுவிடுவதால் கீழே உள்ள ஈரம் எங்கும் போக முடிவதில்லை. அந்த ஈரம் மூடுபனியாகிறது, இல்லாவிட்டால் சில நூறு மீட்டர் உயரத்தில் சாம்பல் நிற மேகப் பாயாக விரிந்து நாள்கணக்கில் நகராமல் நிற்கிறது. 2024 நவம்பரின் முதல் பத்து நாட்கள் பிரிட்டனில் அப்படித்தான் கழிந்தன. மழை அநேகமாக இல்லை. பல இடங்களில் சூரியனும் இல்லை. 1947 பிப்ரவரியில், வடக்கே உயர் அழுத்தம் நின்று கிழக்குக் காற்று ஓயாமல் மேகத்தைத் தள்ளிவந்தபோது, லண்டனின் கியூ வானாய்வகத்தில் மூன்று வாரம்போல் சூரிய ஒளி பதிவாகவே இல்லை. பாரமானியின் முள் ‘நல்ல வானிலை’ பக்கம் நிற்கும், ஆனால் புல்நுனியில் நண்பகலிலும் நீர் தொங்கும்.

வானம் தெளிந்தே இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? ஒரு சதுர மீட்டர் நிலத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நீரை, அதாவது ஒரு லிட்டரை, ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். தென் இங்கிலாந்தில் டிசம்பர் மாதத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாள் முழுவதும் விழும் சூரிய ஆற்றல் சராசரியாக 2 மெகாஜூல் அளவுதான். ஜூனில் அது 18 மெகாஜூலை எட்டும். டிசம்பரில் விழும் இரண்டிலும் ஒரு பங்கு எதிரொளித்துப் போகிறது. மிச்சத்தைவிட அதிகமாக இரவில் தரை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தெளிந்த இரவில் இந்த இழப்பு இன்னும் கூடும். ஆக, உயர் அழுத்தத்தின் பளிச்சென்ற நாட்களில்கூட வெப்பக் கணக்கு பெரும்பாலும் பற்றில்தான் முடிகிறது. டிசம்பர் 21 அன்று லண்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தைத் தொடுவதே பெரும்பாடு. பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு.

ஆவியாதலுக்கு இன்னொரு வழி காற்று. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக வீசுகிறது என்ற இரண்டும் சேர்ந்து நீரை எடுத்துப்போகும். குளிர்ந்த காற்றுக்கு நீரைத் தாங்கும் திறனே குறைவு. 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால், காற்றில் இன்னும் 17 மில்லிபார் அளவு நீராவிக்கு இடமிருக்கும். 3 டிகிரியில், 90 சதவீத ஈரப்பதத்தில், முக்கால் மில்லிபாருக்குத்தான் இடம். இருபது மடங்குக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசத்தை நம் ஊர் வெயிலில் வயல் காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மழை விட்ட மூன்றாம் நாள் வரப்பில் புழுதி பறக்கும் அனுபவத்தை வைத்து லிங்கன்ஷயர் வயலை அளக்க முடியாது.

இந்த இரண்டு வழிகளையும், வெப்பத்தையும் காற்றையும், ஒரே சூத்திரத்தில் கோத்தவர் ஹோவர்ட் பென்மன். லண்டனுக்கு வடக்கே ஹார்பென்டனில் உள்ள ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். 1948-இல் வெளியான அவருடைய ஆய்வுரை இன்றுவரை உலகெங்கும் பாசனக் கணக்குகளுக்கு அடித்தளம். அந்தச் சூத்திரத்தில் குளிர்கால எண்களைப் போட்டுப் பார்த்தால் விடை சங்கடமானது. அசைவில்லாத, மூடுபனி கவிந்த உயர் அழுத்த நாளில் வயல் இழப்பது 0.2 மில்லிமீட்டர் அளவு. சாதாரணமாக டிசம்பர், ஜனவரி நாட்களில் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. கோடையில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் போகும். போதாக்குறைக்கு, அசைவில்லாத இரவில் பனித்துளியாகவும் உறைபனியாகவும் ஒரு பங்கு மறுபடி வயலிலேயே படிந்துவிடுகிறது. பகலில் எடுத்ததை இரவில் திருப்பித் தருகிற வானிலை இது.

இதை ஒரு வயலில் வைத்துப் பார்ப்போம். களிப்பாங்கான மேல்மண், ஆழம் 20 சென்டிமீட்டர். துளையெல்லாம் நீர் நிறைந்த நிலைக்கும், புவியீர்ப்பால் வடிய வேண்டியது வடிந்து முடிந்த நிலைக்கும் இடையில் மண்ணின் கொள்ளளவில் எட்டு சதவீத வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அது 16 மில்லிமீட்டர் நீர். நாளுக்கு 0.3 மில்லிமீட்டர் வீதம் ஆவியாகியே தீர வேண்டுமென்றால் ஐம்பது நாளுக்கு மேல் ஆகும். ஐம்பது நாள் நகராமல் நிற்கும் உயர் அழுத்தம் பிரிட்டனில் யாருக்கும் வாய்ப்பதில்லை. அப்படியே வாய்த்தாலும் மண் அப்போது எட்டியிருப்பது உழவுக்குப் பதமான நிலையை அல்ல; நீர் தானாக வடிந்து முடியும் நிலையை மட்டுமே. அதற்கப்புறம் இன்னும் காய்ந்தால்தான் களிமண்ணில் கலப்பை இறங்கலாம். குளிர்காலத்தில் வானம் வயலைக் காயவைக்கும் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

அப்படியானால் உயர் அழுத்த வாரங்களில் சில வயல்கள் கண்கூடாகத் தேறுகின்றனவே, அது எப்படி? நீர் கீழே போகிறது. இதுதான் விஷயத்தின் இதயம்.

நன்றாக நனைந்த மண்ணில் பெரிய துளைகளில் உள்ள நீர் தன் எடையாலேயே இறங்கிவிடும். சிறு துளைகளில் உள்ளதை மண் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இறங்க வேண்டியது இறங்கி நிற்கும் எல்லையைத்தான் வேளாண் நூல்கள் வயல் கொள்திறன் என்கின்றன. இளகிய மண்ணில் மழை விட்ட இரண்டு மூன்று நாளில் அந்த எல்லை வந்துவிடும். சூரியன் வேண்டாம், காற்று வேண்டாம். மழை பெய்யாமல் இருந்தால் போதும். நார்ஃபோக்கின் பிரெக்லாந்து மணல் நிலங்களில் ஜனவரியில்கூட மழை விட்ட சில நாளில் ஆள் நடக்கலாம், வண்டி போகலாம். உயர் அழுத்தம் காயவைத்துவிட்டது என்று அங்கே சொல்வார்கள். மண் வடித்துவிட்டது என்று சொல்வதே சரி.

மேலே போவது எவ்வளவு, கீழே போவது எவ்வளவு என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. அதே ரோதம்ஸ்டெட்டில் ஜான் லாஸும் ஹென்றி கில்பர்ட்டும் 1870-இல் மூன்று மண் தொட்டிகளை அமைத்தார்கள். இயற்கையாக இருந்த மண்ணைக் கலைக்காமல், அடியில் தளம் கொடுத்து, சுற்றிலும் சுவர் எழுப்பி, 20, 40, 60 அங்குல ஆழங்களில் கீழே வடியும் நீரைப் பிடித்து அளந்தார்கள். ஒவ்வொன்றின் பரப்பும் ஓர் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பயிர் எதுவும் இல்லாத அந்த மண்ணில் ஆண்டு மழையில் பாதியளவு அடிவழியே வெளியேறியது. அந்த வடிதலில் பெரும்பகுதி குளிர்கால மாதங்களைச் சேர்ந்தது. கோடை மழையில் பெரும்பகுதி மேலே ஆவியாகிப் போனது. ஒரே மண், ஒரே வானம். பருவம் மாறினால் நீர் போகும் திசை மாறுகிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அந்தத் தொட்டிகளைவிடத் தெளிவாக இந்தக் கேள்விக்கு விடை சொன்ன கருவி இல்லை என்பது என் எண்ணம்.

மணலில் இது எளிது. களிமண்ணில்தான் சோதனை. ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றிய பள்ளத்தாக்குகள், எசெக்ஸ், சஃபோக்கின் கனத்த மண், நடு இங்கிலாந்தின் களி நிலங்கள் ஆகியவற்றின் அடிமண்ணில் நீர் ஒரு நாளில் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோ நகர்ந்தால் அதிகம். வேறு வழி வெட்டித் தராவிட்டால் மழைநீர் மேல்மண்ணிலேயே குந்தியிருக்கும். அதன் மேல் எத்தனை மில்லிபார் ஏறினாலும் அசையாது. இங்கிலாந்தின் வேளாண் வரலாற்றில் பாதி, இந்த வழி வெட்டும் வரலாறு என்றே சொல்லலாம். வார்விக்‌ஷயர் விவசாயி ஜோசஃப் எல்கிங்டன் ஊற்றுக்கண் தேடி நிலத்தடி நீரை வடித்த தன் முறைக்காக 1795-இல் நாடாளுமன்றத்திடம் ஆயிரம் பவுண்டு பரிசு பெற்றார். ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டனில் ஜேம்ஸ் ஸ்மித் வயல் முழுவதும் இணையான வடிகால்கள் வெட்டும் முறையைப் பரப்பினார். 1840களில் சுட்டமண் குழாயை இயந்திரத்தில் செய்ய வழி பிறந்தது. 1845-இல் தாமஸ் ஸ்கிராக்கின் இயந்திரம் வந்தபின் விலை மளமளவென்று இறங்கியது. தானிய இறக்குமதிச் சட்டங்கள் விலக்கப்பட்ட அதே 1846-இல், நிலவுடைமையாளர்களுக்கு வடிகால் அமைக்க 20 லட்சம் பவுண்டு அரசுக் கடன் ஒதுக்கப்பட்டது. இன்றும் பல வயல்களின் அடியில் விக்டோரியா காலக் குழாய்கள் நீர் கொண்டுபோகின்றன.

களிமண்ணுக்கென்றே வந்தது மோல் வடிகால். மண்ணுக்குள் வளை பறிக்கும் அகழெலியின் பெயர் அதற்கு. தோட்டாபோல் முனை கொண்ட இரும்பு உருளையை ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் ஆழத்தில் இழுத்துப்போனால் குழாயே இல்லாமல் களியில் ஒரு வளை உருவாகும். அதைத் தாங்கிப் போகும் கத்தி மேலே மண்ணில் வெடிப்புகளைத் திறந்துவிடும். அந்த வெடிப்புகள் வழியாக மழைநீர் வளைக்குள் விழும், வளையிலிருந்து குறுக்கே ஓடும் குழாய்க்குப் போகும், குழாய் வாய்க்காலில் திறக்கும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பிரிம்ஸ்டோன் பண்ணையில் 1978-இல் தொடங்கி நடந்த நீண்ட ஆய்வு, வடிகால் போட்ட களிவயலையும் போடாத களிவயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வடிகால் உள்ள இடத்தில் நீர் வெடிப்புகள் வழியே விரைந்து இறங்கியது. இல்லாத இடத்தில் மேற்பரப்பிலும் உழவடுக்கிலும் பக்கவாட்டில் ஓடியது.

உயர் அழுத்தம் வந்த நாட்களில் வயலோர வாய்க்காலில் இறங்கி அந்தக் குழாய் வாயைப் பார்த்தால் முழுக் கதையும் தெரியும். புயல் அடங்கிய அன்று குழாய் வாய் நிறைந்து, கலங்கிய நீர் வளைந்து கொட்டும். மறுநாள் பாதிக் குழாய். மூன்றாம் நாள் தெளிந்த நீர், விரல் கனத்தில். ஒரு வாரத்தில் சொட்டு. அப்படிக் குறையும் வாய் உள்ள வயல் பிழைத்தது. புயலன்றும் வறண்டு கிடந்து, மேலே வயலில் நீர் தேங்கி நிற்கிறதென்றால் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது மேல்மண்ணுக்கும் வெடிப்புக்கும் நடுவே டிராக்டர் சக்கரம் இறுக்கிய தட்டு இருக்கிறது. அந்த வயலில் ஒரு மண்வெட்டிக் குழி வெட்டினால் முதல் ஒரு சாண் சேறு. அதன் கீழே வழுவழுப்பான இறுகிய அடுக்கு, அதன் மேல்பக்கமாகக் குழிக்குள் நீர் கசியும். மண் சாம்பல் நீலமாக, துருப்புள்ளிகளோடு இருக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றில்லாமல் மூச்சுத் திணறிய மண் அது. அதற்குப் பத்து நாள் வறண்ட வானம் கிடைத்தாலும் ஒன்றுதான், இருபது நாள் கிடைத்தாலும் ஒன்றுதான்.

சிலர் அழுத்தமே நீரைக் கீழே அமுக்கிவிடும் என்று நினைக்கிறார்கள். பாரமானி 30 மில்லிபார் ஏறினால், 30 சென்டிமீட்டர் நீர்க்கம்பம் அளவு எடை கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் மண் துளைகள் காற்றோடு திறந்தே இருக்கின்றன. எடை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஏறுவதால் நீர் பிழியப்படுவதில்லை. மூடிய பாறையடுக்குகளில் இறக்கிய ஆழ்கிணறுகளில் நீர்மட்டம் அழுத்தம் ஏறும்போது இறங்குவதைக் காணலாம். அது வயலின் சேற்றைத் தொடாது.

அழுத்தம் நேரடியாக உதவும் ஓர் இடம் உண்டு, அது கடலோரம். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும். சராசரி 1013 என்றால், 1050 மில்லிபாரில் கடல் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கி நிற்கும். கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சமவெளி, கடல்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் கிடக்கும் நிலம். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கார்னேலியஸ் வெர்மூடன் வடிக்கத் தொடங்கியது. அங்கே ஆற்று நீர் ஓதம் தாழும் நேரம் பார்த்து மதகு திறந்தே கடலுக்குப் போக வேண்டும். கடல் தாழ்ந்தால் மதகு திறந்திருக்கும் நேரம் கூடும், தலைவாய்க்கால் சீக்கிரம் இறங்கும், அதில் விழும் சிறு வாய்க்கால்களும் இறங்கும். வயலில் நிற்கிறவருக்குத் தெரியாமல் உயர் அழுத்தம் செய்யும் நல்ல காரியம் இது.

இதற்கு நேர்மாறானது சுண்ணப்பாறை நாடு. ஹாம்ப்ஷயர், சசெக்ஸ் குன்றுகளில் மழை பாறைக்குள் இறங்கி, வாரக்கணக்கில் ஊர்ந்து நிலத்தடி நீரைச் சேர்கிறது. மேற்கு சசெக்ஸின் சில்க்ரோவ் கிணற்றில் 1836 முதல் நீர்மட்டம் குறித்து வருகிறார்கள்; மழைக்கும் மட்டத்தின் உச்சத்துக்கும் இடையிலான இந்தத் தாமதம் அந்தப் பதிவுகளில் தெரியும். ஆகவே மழை விட்டு, வானம் வெளுத்து, உயர் அழுத்தம் நிற்கும் நாட்களிலேயே அங்கே பள்ளத்தாக்கு வயல்களில் ஊற்று கிளம்பி நீர் ஏறிக்கொண்டிருக்கும். வறண்ட வானத்தின் கீழ் வயல் ஈரமாகும் காட்சி அங்கே விந்தையே இல்லை.

உறைபனிக்கு வருவோம். தெளிந்த உயர் அழுத்த இரவுகளில் மண் உறைகிறது. காலையில் வயல் கல்போல் கிடக்கும். நேற்றுவரை சக்கரம் புதைந்த இடத்தில் வண்டி சத்தமில்லாமல் போய்வரும். காய்ந்துவிட்டது என்ற மயக்கத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. நீர் எங்கும் போகவில்லை, நின்ற இடத்தில் கெட்டியாகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் மோசமாக, உறையும் மேலடுக்கு கீழிருக்கும் மண்ணிலிருந்து நீரைத் தன்பக்கம் இழுக்கிறது. பனிக்கட்டி மெல்லிய தகடுகளாக மண்ணுக்குள் வளர்கிறது. உருகும்போது மேல் சில சென்டிமீட்டர் முன்பிருந்ததைவிட ஈரமாகிக் கூழாகிறது. அடியில் இன்னும் உறைந்த மண் இருந்தால் அந்தக் கூழுக்கு வடிய வழியே இல்லை. எரு, உரம் போட உறைந்த தரை வசதியாகத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் நைட்ரேட் கட்டுப்பாட்டுப் பகுதிகளில், முந்தைய 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் உறைந்திருந்த நிலத்தில் நைட்ரஜன் உரம் போடச் சட்டமே தடை செய்கிறது. உருகும் நீரோடு அது ஆற்றுக்குப் போய்விடும் என்பதே காரணம்.

உறைபனிக்கு ஒரு நற்பணியும் உண்டு. நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிகிறது. இலையுதிர்காலத்தில் உழுது போட்ட களிக்கட்டிகளுக்குள் அந்த விரிவு புகுந்து, உறைந்தும் உருகியும், கட்டியைப் பொருபொருவென்று உதிர்க்கிறது. எந்த இரும்பும் அவ்வளவு நயமாகக் களியை உடைக்காது. காய்ச்சலும் பாய்ச்சலும் நம் மண்ணுக்குச் செய்வதை அங்கே உறைதலும் உருகுதலும் செய்கின்றன. 1963 ஜனவரியில் நடு இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 2.1 டிகிரி, அந்த நூற்றாண்டின் மிகக் குளிர்ந்த மாதம் அது. அத்தகைய குளிர்காலம் மண்ணைக் காயவைக்காது, ஆனால் வசந்தத்தில் நீர் இறங்குவதற்கான வழிகளை மண்ணுக்குள் திறந்து வைக்கும். சேறாக இருக்கும்போது மிதித்துக் குழைத்த வயலுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் கிடைக்காது.

கணக்கு மாறும் இடங்களும் உண்டு என்றேன். முதலாவது காற்று. உயர் அழுத்தத்தின் நடுவில் காற்று அசையாது. ஓரத்தில் பலமாக வீசும். ஸ்காண்டிநேவியா மேல் உயர் அழுத்தம் நின்றால் அதன் தெற்கு ஓரத்தில் ஐரோப்பியப் பெருநிலத்தின் வறண்ட கிழக்குக் காற்று இங்கிலாந்துக்கு வரும். அதே 3 டிகிரி குளிர். ஆனால் ஈரப்பதம் 56 சதவீதம், வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று பென்மன் சூத்திரத்தில் போட்டால் நாளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வரை போகலாம் என்று விடை வருகிறது. அசைவற்ற மூடுபனி நாளைவிட ஏழெட்டு மடங்கு. வானிலைப் படத்தில் இரண்டுக்கும் ஒரே அடையாளம்தான். ஆனால் உயர் அழுத்தத்தின் மையம் நம் தலைக்கு மேலா, ஐந்நூறு கிலோமீட்டர் வடக்கேயா என்பதில் வயலின் தலையெழுத்து மாறுகிறது.

இரண்டாவது மாதம். பிப்ரவரி 20-இல் லண்டனில் நண்பகல் சூரியன் 27 டிகிரி உயரம். மார்ச் 20-இல் 38. ஒரே உயர் அழுத்தம் டிசம்பரில் செய்ய முடியாததை மார்ச்சில் செய்துவிடும். மார்ச் மாதப் புழுதியை ராஜாவின் மீட்புப் பணத்துக்கு ஈடாக வைத்த பழமொழி ஒன்று அங்கே உண்டு. அதைச் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே தெரிந்திருந்தது. 2023 பிப்ரவரி முப்பது ஆண்டுகளில் இங்கிலாந்தின் மிக வறண்ட பிப்ரவரி. மாதம் முழுவதும் 15 மில்லிமீட்டர்தான் மழை. அந்த வாய்ப்பை விட்டவர்களை அடுத்த மாதம் மன்னிக்கவில்லை: 1981-க்குப் பிறகு மிக ஈரமான மார்ச் அது. 2025-இல் நேரெதிர், இங்கிலாந்தில் பதிவானவற்றிலேயே வெயில் மிகுந்த மார்ச், உயர் அழுத்தம் திரும்பத் திரும்ப வந்து மேல்மண்ணை வறட்சியின் விளிம்புக்கே கொண்டுபோனது.

இந்தக் காற்றுக் காய்ச்சலில் ஒரு பொறி இருக்கிறது. மேற்பரப்பு வெளிறிவிடும், அரை அங்குலம் உலர்ந்த ஓடு போலாகும். ஓடு உலர்ந்தபின் அதுவே தடையாகி, கீழே உள்ள ஈரம் மேலே வருவது குறையும். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் தயார். பத்து டன் டிராக்டர் இறங்கினால் அடியில் சேறு பிதுங்கி, ஓர் ஆண்டு வடிகாலைப் பாழாக்கும் இறுக்கம் விழும். பதம் பார்க்க உழவர்கள் செய்வது மிக எளிய சோதனை. விதைப்பு ஆழத்துக்கு இன்னும் கீழே, பத்துப் பதினைந்து சென்டிமீட்டரிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்ட வேண்டும். தீக்குச்சி கனத்தில் புழுபோல் நீண்டு வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். உருட்டும்போதே உடைந்து உதிர்ந்தால் போகலாம். எந்த வானிலை அறிக்கையைவிடவும் அந்தக் கைப்பிடி மண்ணை நான் நம்புவேன்.

எல்லாவற்றையும் ஒருங்கே காட்டும் குளிர்காலம் 2019-20. இலையுதிர்காலம் முழுவதும் கொட்டிய மழையில் யார்க்‌ஷயரின் டான் ஆறு நவம்பரில் ஃபிஷ்லேக் கிராமத்தை மூழ்கடித்தது. வடக்கிலும் நடுநாட்டிலும் கோதுமை விதைப்பு பாதியில் நின்றது. 2020 ஜனவரி மூன்றாம் வாரத்தில் பெரும் உயர் அழுத்தம் ஒன்று வந்தது. 20-ஆம் தேதி வேல்ஸின் மம்பிள்ஸ் முனையில் பாரமானி 1050.5 மில்லிபார் காட்டியது. பிரிட்டனின் சாதனை அளவு 1902-இல் அபர்டீனில் பதிவான 1053.6, அதற்கு மிக அருகே. அழுத்தத்தால் நிலம் காயுமென்றால் அந்த வாரம் நாடே காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை. இளகிய மண்ணும் நல்ல வடிகாலும் உள்ளவர்கள் ஓரளவு தேறினார்கள். களிநிலத்தில் நீர் நின்ற இடத்தில் நின்றது. பிப்ரவரியில் ‘சியாரா’, ‘டென்னிஸ்’, ‘ஹோர்ஹே’ என மூன்று புயல்கள். பிரிட்டனில் அதுவரை பதிவானவற்றிலேயே ஈரமான பிப்ரவரி. அதன்பிறகு உயர் அழுத்தம் மறுபடி வந்தது, இம்முறை ஏப்ரலிலும் மே மாதத்திலும். இங்கிலாந்தின் மிக வறண்ட மே அது, பத்து மில்லிமீட்டர்கூட மழை இல்லை. சேற்றில் மிதித்துக் குழைத்த களி, வெயிலில் செங்கல்லாக இறுகியது. வேர் இறங்க வழியில்லை. அந்த ஆண்டுக் கோதுமை விளைச்சல் 97 லட்சம் டன். முந்தைய ஆண்டு அது 1.62 கோடி. நாற்பது சதவீதம் போய்விட்டது.

இதில் என்னை உறுத்துவது வானிலை அல்ல, வடிகால்களின் கதி. 1970களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஹெக்டேர் அளவில் புது வடிகால் போட்டார்கள். அரசு மானியம் தந்தது. 1980களில் மானியம் நின்றது. மோல் வளைகள் ஐந்து முதல் பத்து ஆண்டில் தூர்ந்துவிடும், மறுபடி இழுக்க வேண்டும். குழாய்கள் நீண்டநாள் உழைக்கும், ஆனால் வேர் புகும், வண்டல் அடையும், வாய் மண்ணில் புதையும். எங்கே குழாய் ஓடுகிறது என்ற வரைபடமே பல பண்ணைகளில் காணாமல் போய்விட்டது. எல்லா நிலத்தையும் வடித்தே தீர வேண்டும் என்பது என் வாதம் இல்லை. ஃபென் நிலத்தின் கரிமண், வடிக்க வடிக்கச் சுருங்கிக் காற்றில் கரைகிறது. ஹோம் என்ற இடத்தில் 1850களின் தொடக்கத்தில் தரைமட்டத்துக்குப் புதைத்த இரும்புத் தூண் இன்று நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் நீரை நிறுத்தி வைப்பதே நியாயம். ஆனால் கோதுமைக்கென்று வைத்திருக்கும் களிநிலத்தில் வடிகாலைக் கைவிட்டுவிட்டு, உயர் அழுத்தத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது பயிரை விதியின் கையில் கொடுப்பது. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான பதினெட்டு மாதங்கள், 1836-இல் பதிவு தொடங்கியதிலிருந்து இங்கிலாந்து கண்ட மிக ஈரமான பதினெட்டு மாதங்கள்; 1,696 மில்லிமீட்டர் மழை. மழைக்கு நடுவே கிடைக்கும் வறண்ட இடைவெளிகளின் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது.

அந்த இடைவெளி வரும்போது செய்ய வேண்டிய வேலைகளை நல்ல பண்ணையாளர்கள் அறிவார்கள். முதல் மூன்று நாள் வயலுக்குள் யாரையும் இறங்க விடுவதில்லை. வாய்க்கால் ஓரமாக நடந்து ஒவ்வொரு குழாய் வாயையும் தேடிப் பார்க்கிறார்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். நீர் தேங்கி நிற்கும் இடங்களை வரைபடத்தில் குறிக்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது. புயலில் எல்லாமே நீர், கோடையில் எதுவுமே நீரில்லை. ஓடாத குழாய்க்குள் நீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கிறார்கள், வாய்க்காலில் சரிந்த மண்ணை வாருகிறார்கள். பிறகு குழி வெட்டி மண்ணைப் பார்க்கிறார்கள். பாரமானி மறுபடி இறங்கத் தொடங்கும் முன் அந்தக் குழாய்களில் எத்தனை ஓடத் தொடங்கின என்பதைப் பொறுத்தே அடுத்த புயலின் நீர் வயலில் இரண்டு நாள் நிற்கும், அல்லது இரண்டு மாதம் நிற்கும்.